கெச்சிலின் மாதா

"எங்கள் குழந்தையின் படம் எழுத வேண்டும். தாங்கள் மனைவி, குழந்தையுடன் வந்து மூன்று நாள் தங்கிப் போகவும். தங்கள் குழந்தை எங்கள் குழந்தைக்குத் துணையாக இருக்கும்."

மலாக்காவிலிருந்து வந்த கடிதத்தில் விஷயம் இவ்வளவுதான். நல்ல தமிழ், குண்டு குண்டான எழுத்து. இதைப் படித்துவிட்டு நான் வேறு என்ன நினைத்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் என் வீட்டுக்காரருக்குப் படம் எழுதும் கடை. சாமி படம், கடைப் பலகை, காலமானவர்களின் உருவப்படம் என்று எது வந்தாலும் எழுதுவார். எங்கள் மகள் வள்ளிக்கு ஆறு மாதம் ஆனபோது அவளையும் எழுதி, மாதிரிக்காகக் கடை வாசலில் மாட்டிவிட்டார். கண் படும் என்று நான் முணுமுணுத்ததற்கு, "நாலு பேர் கண்ணுல பட்டாத்தானே கடை நடக்கும்" என்றார். அந்த நாலு பேரில் ஒருவர்தான் இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னவர். மலாக்காவில் ஏதோ ஆபீசில் குமாஸ்தா, பெயர் பிள்ளை. வேலையாகச் சிங்கப்பூர் வந்தவர், வள்ளியின் படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டு, விலாசத்தை மட்டும் குறித்துக்கொண்டு போனாராம்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு போக எனக்குத் தெரியாது. வள்ளி வயசுதான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, ஒரு மரக் கிலுகிலுப்பையும் நீலக் கம்பளிக் குல்லாயும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். எட்டு மாதக் குழந்தையோடு வேற்று நாட்டுப் பயணம் என்றதும் பக்கத்து வீட்டு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வேற்று நாடுதான். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நாங்கள் இன்னும் வெள்ளைக்காரனின் குடிகள். ஜொகூர் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்ட போலீஸ்காரர் முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை இருந்தது.

மூவார் ஆற்றுக்குப் பத்து மைல் இருக்கும்போது டயர் வெடித்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே எல்லோரும் இறங்கி நின்றோம். எங்கள் மாயவரத்தில் பஸ் நின்றால் அடுத்த நிமிஷம் வேர்க்கடலைக்காரன் வந்துவிடுவான். இங்கே கொசுதான் வந்தது. ஒரு சீன அம்மாள் தன் விசிறியால் வள்ளிக்கு வீசிக்கொண்டே, "குழந்தையை எங்கே கொண்டு போகிறாய்?" என்று மலாயில் கேட்டாள். நண்பர் வீட்டுக்கு, அங்கேயும் ஒரு குழந்தை இருக்கிறது என்று என் அரைகுறைச் சந்தை மலாயில் சொன்னேன். பிறகு பஸ்ஸோடு படகில் ஏறி ஆற்றைக் கடந்து, மலாக்கா போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

டிரைஷா என்ற சைக்கிள் ரிக்ஷாக்காரரிடம் கஜா பேராங், சிட்டி வீடு என்று இவர் தெளிவாகத்தான் சொன்னார். அவர் எங்களை ஊருக்குள் ஒரு செட்டியார் கடை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். வேறு செட்டி, வேறு சிட்டி என்று கடையில் இருந்தவர் சிரித்து விளக்கம் சொல்லி, மறுபடி ஏற்றி அனுப்பினார். கஜா பேராங் என்றால் சினம் கொண்ட யானை என்று அர்த்தமாம். கஜம் நம்முடையது, கோபம் மட்டும் மலாய். அந்தத் தெருவில் குடியிருப்பவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த நம்மவர்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்குத்தான் சிட்டி என்று பெயர். சாமி தங்கிவிட்டது, தமிழ் நாக்கை விட்டுப் போய்விட்டது.

வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே இருந்து வந்த அம்மாளுக்கு நாற்பது வயசு இருக்கும். நெற்றியில் பொட்டு, உடம்பில் கைலி மாதிரி ஒரு சரோங்கும் கெபாயா சட்டையும். முகத்தைப் பார்த்தால் என் சித்தி ஜாடை, வாயைத் திறந்தால் மலாய். "காக்கா என்று கூப்பிடு" என்றார். அக்காவுக்கு மலாயில் அதுதான் பெயர். ஒரு பெரிய மனுஷியைக் காக்கா என்று கூப்பிட எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனம் முழுவதும் வள்ளி மேல் இருந்தது. இரண்டு கையையும் நீட்டி, "வா, கெச்சில்" என்றார். கெச்சில் என்றால் சின்னது, குட்டி. அந்நியர் யாரிடமும் போகாத என் பெண் தாவிப் போய்விட்டாள்.

"உங்கள் குழந்தை எங்கே?" என்றேன்.

"தீடோர்" என்றார். தூங்குகிறது.

கிலுகிலுப்பையையும் குல்லாயையும் எடுத்துக் கொடுத்தேன். காக்கா அவற்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு திரை போட்டிருந்த அறைக்குள் போனார். தொட்டில் கட்டிய இரும்புச் சுருள் இரண்டு தரம் கிறீச்சிட்டது. நான் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அன்று சாயந்திரம் முழுக்க நான் கிசுகிசுத்தே பேசினேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் இரக்கம் வருகிறது. வள்ளி சத்தமாகச் சிரித்தால் வாயைப் பொத்தினேன். இவர் தட்டைக் கொஞ்சம் ஓசையோடு வைத்ததற்கு முறைத்தேன்.

சாப்பாடு நன்றாக இருந்தது, அதை மறைக்க வேண்டாம். புளியும் மிளகாயும் போட்டுக் காய்ச்சிய மீன் குழம்பு நம் கையில் வைத்தது போலவே தொடங்கி, நடுவில் எலுமிச்சைப் புல் வாசத்தோடு வேறு வழியில் போய்விடுகிறது. வீடு முழுக்க டுரியான் பழ வாசம். ஞாயிற்றுக்கிழமை முன்னோர்களுக்குப் பழப் படையலாம். அதை அவர்கள் பராச்சு என்கிறார்கள். "படைச்சு, அதான் பராச்சு ஆயிருக்கும்" என்று இவர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தார். கூடத்துச் சுவரில் அந்த வீட்டின் காலமானவர்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள், எல்லாம் பழுப்பேறிய போட்டோ. வரிசையின் கடைசியில் ஒரு ஆணி மட்டும் சும்மா இருந்தது. காக்காவின் கணவர் பிள்ளை சாப்பிடும் நேரம் முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. வள்ளியைப் பார்ப்பார், தட்டைப் பார்ப்பார். நாங்கள் படுக்கப் போகும்வரை அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிணுங்கல்கூட வரவில்லை. என்ன சமத்துக் குழந்தை என்று பொறாமைப்பட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

சனிக்கிழமை விடிந்து நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் வள்ளி தவழ்ந்து திரைக்குள் போய்விட்டாள். தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடப் போகிறாளே என்று பின்னாலேயே ஓடினேன். உள்ளே உத்தரத்திலிருந்து ஒரு சரோங் தொட்டில் தொங்கியது. மஞ்சளும் பழுப்புமாகப் பூப்போட்ட துணி, வெளுத்து வெளுத்து நைந்திருந்தது. வள்ளி அதன் அடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே மடித்து வைத்த ஒரு சின்னச் சட்டை. தலை இருக்க வேண்டிய இடத்தில் நான் கொடுத்த நீலக் குல்லாய். கை இருக்க வேண்டிய இடத்தில் கிலுகிலுப்பை. வேறு ஒன்றும் இல்லை.

"கெச்சில் தூங்குகிறான்" என்று பின்னாலிருந்து காக்காவின் குரல் கேட்டது. "பதினைந்து வருஷமாக."

வள்ளியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டேன். காக்கா என்னைத் தடுக்கவில்லை. தொட்டிலின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் பிறந்த பிள்ளை. எட்டாவது மாதம் காய்ச்சல் வந்தது, மருந்து கிடைக்கவில்லை. நல்ல நாள் பார்த்துப் பெயர் வைக்கலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள், அதுவும் நடக்கவில்லை. கெச்சில், கெச்சில் என்று கூப்பிட்டதுதான் பெயர். அப்புறம் வேறு பிள்ளை பிறக்கவில்லை. போட்டோ எடுக்க ஊரில் பிலிம் இல்லாத காலம். பராச்சு நாளில் சுவரில் இருக்கிற எல்லோருக்கும் இலை போடும்போது அவனுக்கும் ஒரு சின்ன இலை போடுகிறார்கள், ஆனால் யார் முகத்துக்கு நேராகப் போடுவது?

"எனக்கு அவன் முகம் மறந்துவிட்டது, தங்கச்சி" என்றார். "கனவில் வருகிறான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி மாதிரி இருக்கிறது. என் வீட்டுக்காரர் உன் பிள்ளையின் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, நம் கெச்சில் அங்கே கடை வாசலில் இருக்கிறான் என்றார். அதனால்தான் வரச் சொன்னேன். முகத்தைக் கொஞ்சம் பிஞ்சாம் கொடு."

பிஞ்சாம் என்றால் இரவல். முகத்துக்கு அவர்கள் பேச்சிலும் முகாதான். எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்காமல் போகவில்லை, அதுதான் கஷ்டம்.

அடுத்த கால் மணி நேரத்தில் பெட்டியைக் கட்டிவிட்டேன். இவரோ பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். இவர்களுக்குக் கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தவர் செத்துப்போன குழந்தை என்று எழுதக் கூச்சப்பட்டிருப்பார், அதற்கு இவர்கள் என்ன செய்வார்கள் என்றார். செத்தவர்கள் வரிசையில் என் பெண்ணின் முகத்தை மாட்டி, பொட்டு வைத்து, இலை போட்டுச் சோறு வைப்பார்கள், அதைக் கேட்டுக்கொண்டு பெத்தவள் சும்மா இருக்க வேண்டுமா என்றேன். பதில் இல்லாதபோது இவர் வெளியே கூட்டிப்போவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

பண்டார் ஹிலிருக்குப் போய்க் குன்றின்மேல் ஏறினோம். சுதந்திரத்துக்குக் கட்டிய அலங்கார வளைவின் காகிதப் பூக்கள் இன்னும் ஒன்றிரண்டு தெருமுனையில் வெளுத்துத் தொங்கின. மேலே கூரையில்லாத ஒரு பழைய மாதா கோயில். உள்ளே ஆளுயரக் கல்லறைப் பலகைகளைச் சுவரோரமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இவர் ஒவ்வொன்றின் கொடிவேலையையும் விரலால் தடவிப் பார்த்து, கல்லில் இவ்வளவு நெளிவு கொண்டுவந்த கை எப்பேர்ப்பட்ட கை என்று வியந்தார். வள்ளி அவர் தோளில் தூங்கினாள். எனக்கு அந்தக் கற்களுக்கு நடுவே நிற்கவே பிடிக்கவில்லை.

"எத்தனை வருஷமாச்சு பாரு" என்றார் இவர். "கப்பல்ல வந்து செத்த வெள்ளைக்காரனுக்கு இங்க பேரு இருக்கு, ஊரு இருக்கு. அந்தப் பயலுக்குப் பேரும் இல்ல, முகமும் இல்ல. அந்தம்மா எதைப் பிடிச்சுக்கிட்டு அழும்?"

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் பயந்தவள். பயத்தோடேதான் சரி என்றேன். முகத்தை அப்படியே எழுதக்கூடாது, சாடை மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொன்னேன். இவர் தலையாட்டினார். இவர் தலையாட்டுவதற்கும் கை செய்வதற்கும் சம்பந்தம் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் கூடத்தில் பலகையை நிமிர்த்தி வைத்து ஆரம்பித்தார். வள்ளி ஒரு நிமிஷம் உட்கார மாட்டாள். கடையில் அவளை எழுதியபோது இவரிடம் வண்ணத்தைவிட வசவு அதிகம் செலவானது. அன்று அவள் பாயில் வைத்தது வைத்தபடி இரண்டு மணி நேரம் இருந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக, திரை விலகியிருந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று இல்லாத மத்தியானம். தொட்டில் ஆடியதா என்று கேட்காதீர்கள், நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நெற்றி வந்தது, கன்னம் வந்தது, வாய் வந்தது. கண் இருக்கும் இடத்தை மட்டும் இவர் வெறுமையாக விட்டார். சாமி படமானாலும் மனுஷர் படமானாலும் இவர் கடைசியில்தான் கண் திறப்பார், அதுவும் காலையில் குளித்துவிட்டு. காக்கா வந்து பார்த்து, அந்த வெற்றிடத்தை விரலால் சுட்டி, "மாதா? மாதா?" என்று பதறினார். மலாயில் கண்ணுக்கு அதுதான் சொல். மாத்தா என்று அழுத்திச் சொல்கிறார்கள், என் காதில் மாதா என்றுதான் விழுகிறது. "மாதா பேசோக்" என்று இவர் சமாதானம் சொன்னார். கண் நாளைக்கு.

சாயந்திரம் பிள்ளை எங்களைக் கிளேபாங் கடற்கரைக்குச் சாப்பிட அழைத்துப் போனார். தென்னை மரத்தடியில் நாலு பெஞ்சு போட்ட கடை. காலையிலிருந்து மூடியிருந்த என் மனசு கடல் காற்றில் கொஞ்சம் திறந்துகொண்டது. தணலில் வாட்டிய மீன், சம்பல், தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. காக்கா வள்ளியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கிண்ணத்தில் அரிசிக் கஞ்சி ஊட்டினார். வீட்டில் ஒவ்வொரு வாய்க்கும் என்னை ஆட்டிவைக்கிறவள், கிண்ணம் காலியாகும்வரை வாயைத் திறந்துகொண்டே இருந்தாள்.

கை கழுவப் போன இடத்தில் கடைக்கார மலாய் அம்மாள் அந்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீதான் தாயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கடை போட்ட நாளாய் இவர்கள் வருகிறார்கள். எப்போதும் இந்தக் கஞ்சி ஒன்று வாங்கி மேஜையில் வைப்பார்கள். எப்போதும் அப்படியே திரும்பி வரும். இன்றைக்குத்தான் காலியாக வருகிறது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்" என்று சேர்த்துக்கொண்டாள். நான் போய்க் காக்காவின் மடியிலிருந்து வள்ளியை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வள்ளி பாயில் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தாள். தொட்டிலில் இருந்த கிலுகிலுப்பை அவள் கைக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. காக்கா கொடுத்திருப்பார். "வள்ளி" என்றேன். திரும்பவில்லை. விளையாட்டு மும்முரம் என்று நினைத்தேன். பக்கத்தில் போய், "வள்ளிக்கண்ணு, இங்க பாரு" என்றேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தாள். கையைத் தட்டிக் கூப்பிட்டேன். அசையவில்லை.

அடுப்படியிலிருந்து காக்கா ஏதோ பாடிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல், "கெச்சில்" என்றார்.

என் பெண் சட்டென்று திரும்பிச் சிரித்தாள்.

மூன்று நாளாக எல்லோரும் அந்தப் பெயரையே சொல்லிக் கையில் பிஸ்கட்டும் கொடுத்தால் எந்தக் குழந்தையும் திரும்பும் என்று இவர் இன்றைக்கும் வாதாடுவார். இருக்கலாம். அப்போது நான் அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டேன். நேரே கூடத்துக்குப் போனேன். இவர் குளித்து, திருநீறு பூசி, கறுப்பு வண்ணத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு, "பிள்ளையைக் கொண்டாந்து உக்கார வை" என்றார்.

பலகையில் இருந்தது என் வள்ளி. சாடையாவது ஒன்றாவது. கண் மட்டும்தான் பாக்கி.

"கண்ணு யாருது?" என்றேன்.

"என்ன கேள்வி இது? எதுத்தாப்ல உக்காருற பிள்ளையோடதுதான்."

"அது என் பிள்ளை கண்ணு. அதை எழுதிட்டீங்கன்னா அப்புறம் எங்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்? கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. அந்தப் பேருக்குத்தான் திரும்புறா."

"நல்ல காரியத்துல வந்து நின்னுக்கிட்டு... மத்தியானம் பராச்சு. கண்ணு இல்லாம எப்படிக் கொடுக்கிறது?"

எங்கள் சத்தம் கேட்டுக் காக்கா வந்துவிட்டார். தமிழ் தெரியாதே தவிர, சண்டை எந்த மொழியில் நடந்தாலும் புரியும். அவர் கண்ணில் நான் அதுவரை பார்க்காத ஒரு திகில். படம் கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்துவிட்டது. பலகைக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்று, அந்த இரண்டு வெற்றிடத்தையும் காட்டி, "மாதா" என்றார். குரல் உடைந்து, "மாதா, தங்கச்சி, மாதா" என்றார்.

அவர் கண் கேட்டார். என் காதில் தாய் என்று விழுந்தது.

எனக்கு என்ன தோன்றியதோ, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், இவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். "பெத்தவ கண்ணுதான் பிள்ளைக்கு வந்திருக்கும். எழுதுங்க" என்றேன். காக்கா பதறி எழுந்தார். தனக்கு வயசாகிவிட்டது, அழுது அழுது சுருங்கிய கண், குழந்தை முகத்தில் எப்படிப் பொருந்தும் என்றார். "காக்கா மாதா, கெச்சில் மாதா, சாமா" என்றேன். உன் கண்ணும் கெச்சிலின் கண்ணும் ஒன்றுதான். என் மலாய் அவ்வளவுதான், அன்றைக்கு அது போதுமாயிருந்தது.

இவர் தூரிகையைத் துடைத்தார். ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம். அவர் காக்காவின் கண்ணைப் பார்த்த பார்வையில் வழக்கமான அலட்சியம் இல்லை. சுருக்கத்தை விட்டு, நீரை விட்டு, அதற்குள் ஆதியில் இருந்த கண் எதுவோ அதைத் தேடுகிறவர் போல நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுதினார். இடது கண் திறந்தது. வலது கண் திறந்தது. கடைசியில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்ததும், வள்ளி பலகையிலிருந்து போய்விட்டாள். அங்கே வேறு ஒரு பிள்ளை இருந்தான். வள்ளியின் கன்னமும் வாயும் அவனுக்குத்தான் முதலிலேயே சொந்தம் என்பது போல இருந்தான். நான் அந்தப் பிள்ளையை முன்பே எங்கோ பார்த்திருந்தேன் என்று சத்தியம் செய்வேன்.

பிள்ளை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். மூன்று நாளில் நான் கேட்ட அவருடைய முதல் வார்த்தை அது. "கெச்சில்" என்றார், மெதுவாக, படத்தைப் பார்த்து.

என் இடுப்பிலிருந்த வள்ளியை நான் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. என் தாலிக்கொடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். பயந்து பயந்து, "வள்ளி" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, எச்சில் வழியச் சிரித்தாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். காக்காவும் அழுதுகொண்டிருந்தார், வேறு காரணத்துக்காக.

மத்தியானம் பராச்சு. காலியாக இருந்த ஆணியில் படத்தை மாட்டினார்கள். ஒவ்வொரு முகத்துக்கு நேராகவும் ஒரு வாழையிலை, மங்குஸ்தான், ரம்புத்தான், பிளந்த டுரியான், மீன், சோறு. கடைசியில் ஒரு சின்ன இலை, அதில் கஞ்சி, பக்கத்தில் கிலுகிலுப்பை. சாம்பிராணி போட்டுக் கும்பிட்டுவிட்டு, சாப்பிடுகிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். ஜன்னல்களும் சாத்தியிருந்தன. வாசலில் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே கிலுகிலுப்பையின் ஓசை ஒரு தரம் கேட்டது.

"எலியா இருக்கும்" என்றார் இவர். சரோங் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்த காக்காவின் விரல்கள் நின்றன. கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை தொண்டையைச் செருமி, கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். இலைகள் வைத்தபடி இருந்தன. கிலுகிலுப்பை எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை. என் பெண்ணுக்குச் சட்டை மாற்றுவதாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது காக்கா அந்த அறைக்குள் போனார். இரும்புச் சுருள் ஒரு தரம் கிறீச்சிட்டு ஓய்ந்தது. வெளியே வந்தபோது தொட்டில் சரோங் அவர் கையில் மடிப்பாக இருந்தது. "இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது, உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?" என்றார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை ஒரு துளி சர்க்கரையாவது போடாமல் என் அம்மா திருப்பியதில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. பதினைந்து வருஷம் கழித்து அவிழ்த்த கையைப் பார்த்தேன். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.

சிங்கப்பூர் வந்து மூன்று நாள் அது பெட்டியிலேயே கிடந்தது. நாலாவது நாள் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டேன். தொட்டிலாகக் கட்ட மனசு வரவில்லை. பாயில் விரித்து வள்ளியை அதன்மேல் படுக்கவைத்தேன். கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். தங்கள் குழந்தை எங்கள் குழந்தைக்குத் துணையாக இருக்கும். எழுதிக் கொடுத்தவர் பிழையாக ஒன்றும் எழுதிவிடவில்லை.

கூப்பிட்டால் வள்ளி இப்போது உடனே திரும்புகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், காய்ச்சல் சளி ஒன்றும் இல்லை. மத்தியானத்தில் அந்தச் சரோங்கின்மேல்தான் தூங்குகிறாள். நடுவில்தான் படுக்கவைக்கிறேன். எழுப்பப் போகும்போது ஒரு ஓரமாக ஒதுங்கி, மறுபாதியை விட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள்.

முதலில் தூக்கி நடுவில் போட்டுப் பார்த்தேன். இப்போது நகர்த்துவதில்லை.